விழிப்புணர்வு இல்லாதவர்கள்

"தப்பா நினைக்காதீங்க மேடம். குண்டா இருக்கறதுக்கெல்லாம் யாரு ஃபண்ட் குடுப்பாங்க?"

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் இளைஞர் என்னிடம் இப்படிக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் பார்வை என் இடுப்புக்குப் போய்த் திரும்பியது. நான் அதைக் கவனித்துவிட்டேன் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவசரமாக என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் எடை எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். என் முழங்கால்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். உடல் பருமனைத் தடுக்கும் திட்டத்துக்கு நிதி கேட்டுப் போகிறவள் கொஞ்சம் ஒல்லியாக இருந்திருந்தால் கதவுகள் எளிதில் திறந்திருக்குமோ என்று வழியெல்லாம் யோசித்திருக்கிறேன்.

அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. வாசல்வரை கூடவே வந்தார். "ரத்தசோகைன்னு மாத்தி எழுதிக் குடுங்க மேடம், நானே பேசி வாங்கித் தரேன். தையல் மிஷின்னா இன்னும் ஈஸி. ஸ்கூலுக்குத் தண்ணி சுத்திகரிக்கிற மிஷின்னா இந்த மாசமே முடிஞ்சிடும்" என்றார். கழுத்தில் மாட்டியிருந்த பார்வையாளர் அட்டையைக் காவலாளியிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அது எத்தனையாவது கம்பெனி என்று எண்ணுவதை அதற்கு முன்பே விட்டிருந்தேன்.

சர்வீஸ் ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். புதுக் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றிய நீள லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது புழுதியும் சூடும் முகத்தில் அடித்தன. உட்கார ஒரு இடம் இல்லை. நடக்க நடைபாதையும் இல்லை. இந்த ஊரில் யாரிடமாவது போய் "தினமும் நடங்கள்" என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும்.

இதை நான் தொடங்கியது ஒரு யூனிஃபார்ம் விஷயத்தில்தான்.

முன்பு நான் நர்ஸ். வண்டிகளுக்கான ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பதினோரு வருடம் இருந்தேன். ஒரு நாள் ஸ்டோர்காரர் பிரஷர் பார்க்க வந்தார். கையில் பட்டையைச் சுற்றும்போதே புலம்ப ஆரம்பித்தார். "சிஸ்டர், இந்தப் பொண்ணுங்களுக்கு கேண்டீன்ல இன்னாதான் போடறாங்கோ? சேரும்போது சின்ன சைஸ் சொக்கா குடுத்தேன். ஒரு வருசம் ஆவல, பெருசு குடுன்னு வந்து நிக்குதுங்க. சின்ன சைஸெல்லாம் மூட்டையா அப்படியே கெடக்குது."

அவர் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்கு உடனே முகங்கள் ஞாபகம் வந்தன. தென்காசி, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்து சேரும் பெண்கள். வரும்போது கன்னம் ஒட்டியிருக்கும். ஒரு வருடம் கழித்து அதே பெண் குதிகால் வலிக்கிறது என்று வருவாள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வருவாள், மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று ரகசியமாகச் சொல்வாள். கழுத்தைச் சுற்றி அழுக்குப் போல ஒரு கருமை படர்ந்திருக்கும். தேய்த்தும் போகவில்லை சிஸ்டர் என்பார்கள். அது தேய்த்தால் போகிற அழுக்கு இல்லை. சர்க்கரை வரப்போவதற்கான அடையாளம். ஊரில் அம்மாக்கள் மட்டும் சந்தோஷமாக இருந்தார்கள். வேலைக்குப் போனதும் பிள்ளை தேறிவிட்டதாம்.

நான் வருகிறவர்களையெல்லாம் எடை பார்த்துக் குறித்து வைக்க ஆரம்பித்தேன். மேலதிகாரி கூப்பிட்டு, "தலைவலின்னா மாத்திரை குடுங்க சிஸ்டர். அது போதும். புதுசு புதுசா வியாதி கண்டுபிடிக்காதீங்க" என்றார். இன்னும் இரண்டு வருடம் ஓட்டினேன். பிறகு விலகினேன்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறை எடுத்து, சிறிய அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தேன். என்னோடு சேர்ந்தவள் ஒரே ஒருத்தி. பக்கத்துக் கிராமத்துக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், அங்கன்வாடியில் உதவியாளராக இருந்து சண்டை போட்டுவிட்டு வந்தவள். அவள் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். எந்த ஹாஸ்டலில் எத்தனை பெண்கள், எந்த ஹாஸ்டல்காரருக்கு யார் பேச்சு எடுபடும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். என்னால் ஒரு கதவைத் தட்டத்தான் முடியும். அவள் பேசித் திறக்க வைத்துவிடுவாள்.

அப்படி முதலில் திறந்தது ஒரு மூன்று மாடி ஹாஸ்டல். அதன் சொந்தக்காரர் வயலை விற்ற பணத்தில் கட்டியது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் கூடுவதற்கு அவர் ஒப்புக்கொண்டார். காய்கிற துணிகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, எடை பார்ப்போம், இடுப்பளவு எடுப்போம், அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்வோம். என் முழங்கால் ஒத்துழைக்காது. அதனால் பயிற்சியை முன்னால் நின்று செய்து காட்டியது தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் இல்லை, வேறொன்றில் லைனில் வேலை. இரண்டு வருடத்தில் பதினைந்து கிலோ ஏறியிருந்தாள். ஆனால் அவள் அளவுக்கு அந்த மாடியில் யாரும் குதிக்கவில்லை. போனில் பாட்டைப் போட்டுவிட்டு, "ஏட்டி, கைய ஒழுங்காத் தூக்கு. சோறு திங்கத் தூக்குதல்லா?" என்று கத்துவாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்குவார்கள். முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள். இரண்டு மாதத்தில் மாடி நிறைந்தது. அதில் பாதிப் பேராவது அவள் அறை அறையாகப் போய் இழுத்து வந்தவர்கள்.

இதையெல்லாம் தொடர்ந்து நடத்த நிதி வேண்டும். அங்கேதான் என் உடம்பும் மனசும் தேய ஆரம்பித்தன.

முதலில், அறக்கட்டளைக்கு மூன்று வயது ஆக வேண்டும் என்றார்கள். காத்திருந்தோம். பிறகு இந்தச் சான்றிதழ், அந்தப் பதிவு எண். வாங்கினோம். பிறகு விண்ணப்பப் படிவங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். நான் நர்சிங் படித்த ஆங்கிலம் மருந்துச் சீட்டைப் படிக்கப் போதும். "உங்கள் மாற்றக் கோட்பாட்டை ஐந்நூறு சொற்களில் விளக்கவும்" என்ற கேள்விக்கு அது போதாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு படிவத்துக்கு இரண்டு வாரம் உட்காருவேன். மூன்று மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வரும்: உங்கள் திட்டம் எங்கள் கவனத்துக்குரிய துறைகளில் அடங்கவில்லை. சிலரிடமிருந்து அந்த இரண்டு வரியும் வராது.

போனில் பேசியவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். பசியால் வாடும் குழந்தைகள் இருக்கும்போது இதற்கு எப்படிக் கொடுப்பது? இது பணக்கார வியாதி இல்லையா? மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள்தானே, கொஞ்சம் வாயைக் கட்டினால் ஆகாதா? இந்தக் கடைசிக் கேள்வி மட்டும் எல்லாரிடமிருந்தும் ஏதோ ஒரு வடிவத்தில் வந்தது. நான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவேன். விளக்கி விளக்கி, கடைசியில் நான் சொல்வதை நானே நம்புகிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நிலைமையில்தான் சென்னையில் ஒரு பெரிய தொண்டு நிதி நிறுவனம் எங்களைத் தேர்வுப் பட்டியலில் சேர்த்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. மூன்று வருடத்துக்கான நிதி. நேரில் பார்வையிட வருவார்கள். அதைப் படித்ததும் என் கூட்டாளி மருந்துக்கடைக்காரருக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரி வந்தார். முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். பருத்திப் புடவை, மெல்லிய குரல். மாடியில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், குறிப்பெடுத்தார். எல்லாம் முடிந்து படி இறங்கப் போகும்போது சொன்னார்.

"ரொம்ப நல்லா பண்றீங்க மேடம். ஒரே ஒரு விஷயம்தான். கமிட்டில பேசறதுக்கு ஒரு கேஸ் ஸ்டோரி இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும். பிஃபோர், ஆஃப்டர் மாதிரி. இப்ப பிஃபோர் போட்டோ எடுத்துக்கலாம். ஒரு வருஷம் கழிச்சு ஆஃப்டர். முகத்த மறைச்சிடுவோம், கவலப்படாதீங்க."

நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. இத்தனை வருடம் அலைந்து ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது, மூடுவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. தென்காசிப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"என்னத்துக்கு சிஸ்டர்?"

"நம்ம திட்டத்துக்குத்தாம்மா. சும்மா ஒரு போட்டோ. முகம் தெரியாது."

"பக்கவாட்டுல நிக்கணுமாக்கும்?"

"ஆமாம்மா."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிச் சுவர் ஓரமாகப் போய் நின்று, டி-ஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அதிகாரி போனைத் தூக்கிப் பிடித்தபடி, "துப்பட்டா வேண்டாம்மா, எடுத்துடுங்க" என்றார். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் துப்பட்டாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாளும் நான் நீட்டியதுதான்.

இரண்டு வாரம் கழித்து அவள் மாடிக்கு வரவில்லை. ஓவர்டைம் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த நாள் என் கூட்டாளி அறைக்குள் வந்து செருப்பைக் கழற்றாமலே நின்றாள்.

"அக்கா, அந்தத் தென்காசிப் பொண்ணு ஹாஸ்டல வுட்டே போய்ட்டாளாம். லைன்ல அவள இன்னா சொல்லிக் கூப்புட்டுகினு இருந்தானுங்க தெரியுமா? பிஃபோர். 'தோ பாரு, பிஃபோர் வருது'ன்னு."

நடந்தது இதுதான். நிதி நிறுவனம் கம்பெனிகளையெல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்தியிருக்கிறது. எங்கள் திட்டத்தையும் அங்கே திரையில் காட்டியிருக்கிறார்கள். வந்திருந்தவர்களில் அவள் தொழிற்சாலையின் அதிகாரி ஒருவரும் உண்டு. அவர் அதை வாங்கிக்கொண்டு போய், உடல்நலம் பற்றிய பேச்சு ஒன்றில் கேண்டீன் திரையில் போட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான். கண்களின் மேல் கறுப்புப் பட்டை இருந்தது. ஆனால் அவள் போட்டிருந்த டி-ஷர்ட், வருடம் முழுக்க லீவே எடுக்காதவர்களுக்குத் தொழிற்சாலை கொடுத்தது. அவள் லைனில் அது இரண்டு பேரிடம்தான் இருந்தது. இன்னொருவர் ஆண்.

படப்பையில் ஒரு வீட்டு மாடியில் இரண்டு பெண்களோடு அறை எடுத்திருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். நான் மட்டும் போனேன். அந்த வாரம் அவளுக்கு மதிய ஷிப்ட். காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. முகம் வற்றி, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது.

"வாங்க சிஸ்டர்" என்றாள். ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதை எனக்குப் போட்டுவிட்டு அவள் பாயில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா இப்படி ஆயிட்ட? சாப்பிடறியா இல்லையா?"

"காலைல டீ. மத்தியானம் வாழப்பழம். ராத்திரி பசிச்சா ரெண்டு பிஸ்கட்டு. கிலோ நல்லா எறங்கிட்டு. ஆஃப்டர் போட்டோ எடுக்க ஒரு வருசம்லாம் காத்திருக்க வேண்டாம். இப்பவே எடுத்துக்கிடுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. நான் பழக்கத்தில் அவள் கையைப் பிடித்து நாடி பார்க்கப் போனேன். கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடும்மா. தப்பு என் மேலதான்."

"அந்த மேடம் கேட்டாவ. நீங்க சொன்னிய. நாந்தான நின்னேன்." கொஞ்ச நேரம் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னப் பத்தி என்ன எழுதிக் குடுத்தியன்னு காட்டுங்க" என்றாள்.

விண்ணப்பம் என் போனிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எந்தப் பகுதியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் விரலால் தள்ளித் தள்ளி ஆங்கிலத்தை மளமளவென்று படித்துக்கொண்டே போனாள். ஓர் இடத்தில் நின்றாள்.

"'சரிவிகித உணவு குறித்த விழிப்புணர்வு இல்லாததால் இவர் எடை கூடினார்.' அப்படித்தான போட்டிருக்கு?"

நான் தலையாட்டினேன்.

"நான் டிப்ளமா படிச்சிருக்கேன் சிஸ்டர். எதுல எவ்வளவு கலோரின்னு பாக்க என் போன்லயே ஆப் இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு உங்ககிட்ட எப்பம் சொன்னேன்?"

அவள் அப்படிச் சொன்னதே இல்லை. நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை. எடை கேட்டிருக்கிறேன், உயரம் கேட்டிருக்கிறேன், மாதவிலக்குத் தேதி கேட்டிருக்கிறேன். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் இன்னொரு நிறுவனத்தின் மாதிரி விண்ணப்பத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நானும் எழுதினேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். அதில் கோட்டு, தொப்பி, செருப்பைக் கழற்றி மாட்டப் பத்து நிமிடம், வரிசையில் பத்து நிமிடம். மிச்சத்தில் மென்று தின்ன முடியாது. சோற்றையும் குழம்பையும் பிசைந்து விழுங்கத்தான் முடியும். காய்க்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இரவு ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு ஹாஸ்டலுக்கு வந்தால், காலை டிபன் ஆறு மணிக்கே பகல் ஷிப்ட்காரிகளுக்கு முடிந்துபோயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தூங்க வேண்டும். ஆக பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே டீயும் பன்னும், இல்லையென்றால் ஒரு பாக்கெட் பிஸ்கட். எழுந்ததும் பசிக்கும். ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில்தான் சூடாக ஏதாவது இருக்கும். நடக்கலாம் என்றால் சாயங்காலம் ஏழு மணிக்கே ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிவிடுவார்கள்.

"எல்லாம் தெரியும் சிஸ்டர். நேரந்தான் இல்ல. எழுதுனா அத எழுதுங்க."

நான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எழுதட்டுமா என்று முதலில் கேட்டேன். சரி என்றாள். அவள் முதலிலிருந்து மறுபடி சொல்ல, ஒவ்வொரு மணி நேரமாக எழுதிக்கொண்டேன். எழுந்தபோது அவளுக்குத் தலை சுற்றியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருமுனைக் கடையில் இட்லி இருந்தது. நானே போய் வாங்கிவந்தேன். மாடிப்படி என் முழங்காலை ஒரு வழி பண்ணிவிட்டது. அவள் இரண்டு இட்லி சாப்பிட்டாள். மூன்றாவதைப் பொட்டலத்திலேயே மடித்து வைத்தாள்.

மறுநாள் நிதி நிறுவன அதிகாரிக்குப் போன் செய்தேன். அந்தப் புகைப்படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"கன்சென்ட் ஃபார்ம்ல அவங்களே சைன் பண்ணிருக்காங்களே மேடம்?"

"பண்ணியிருக்கா. நான் கேட்டதால பண்ணா. என்கிட்ட அவளால முடியாதுன்னு சொல்ல முடியல."

"இந்த ஸ்டேஜ்ல ஸ்டோரிய எடுத்தா ப்ரொபோஸல் வீக் ஆகும். வேற யாரையாவது..."

"வேற யாரும் இல்லீங்க."

மூன்று கடிதம் எழுதியபிறகு படத்தை எடுத்தார்கள். அவள் தொழிற்சாலைக்கும் சொல்லி அழிக்க வைத்தார்கள். அதற்கு அந்த அதிகாரிதான் அலைந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் அவருக்கு நன்றி சொல்லி எழுதினேன். அடுத்த மாதம், இந்தச் சுற்றில் உங்கள் திட்டத்தை எடுத்துக்கொள்ள இயலவில்லை என்று கடிதம் வந்தது. காரணம் எதுவும் இல்லை.

கடித விஷயத்தைக் கேட்டதும் என் கூட்டாளி வெடித்தாள். "மொதல்ல துட்ட வாங்கிகினு அப்பால போட்டோ பத்தி பேசியிருக்கலாம்ல? இம்மாம் வருசம் அலைஞ்சது இதுக்குத்தானா?" கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலையில் வந்து, ஒன்றும் நடக்காதது போல அறையைப் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே, "நீ செஞ்சது சரிதாங்கா. வயித்தெரிச்சல்ல பேசிட்டேன்" என்றாள். நான் மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தேன். என்னால் நிமிரக்கூட முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். மூடிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தது, எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

பிறகு நடந்ததற்கு நான் பெரிதாக உரிமை கொண்டாட முடியாது. தாம்பரத்தில் ஓய்வுபெற்ற டாக்டர் தம்பதியர், இறந்துபோன உறவினர் நினைவாக ஒரு சின்ன அறக்கட்டளை வைத்திருக்கிறார்கள் என்று மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். படிவம் கிடையாது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று தமிழிலேயே ஒரு கடிதம் எழுதினால் போதும். இந்தமுறை நான் அகராதியைத் தொடவில்லை. நோட்டிலிருந்த அந்த மணிக்கணக்கை அப்படியே எழுதினேன். யார் என்று தெரியும்படியான எதையும் சேர்க்கவில்லை. கேட்டது மூன்றுதான்: இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஏழரை மணிக்குச் சூடாக டிபன், அதற்கு ஹாஸ்டலில் இரண்டாவதாக ஒரு சமையல்காரம்மா, சாயங்காலம் காய்கறியோடு சுண்டல். எழுதியதைப் படப்பையிலிருந்த தென்காசிப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் இரண்டு இடத்தில் திருத்தி அனுப்பினாள். பன்னை விட்டுவிட்டேனாம், பஸ் நேரத்தைத் தப்பாகப் போட்டிருந்தேனாம்.

டாக்டரம்மா போன் செய்தார். "எவ்வளவு எடை குறையும்னு நீங்க எழுதவே இல்லையே?"

"தெரியலீங்க டாக்டர். குறையாமகூடப் போகலாம். மேல ஏறாம நின்னாலே பெருசு."

"இத இவ்வளவு நேர்மையா யாரும் சொன்னதில்ல. ஒரு வருஷத்துக்குத் தரோம். அதுக்கு மேல எங்களால முடியாது" என்றார். போட்டோ வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம் போதும் என்றும் சொன்னார்.

கேட் விஷயத்தை என் கூட்டாளி எடுத்துக்கொண்டாள். ஹாஸ்டல்காரரோடு ஒரு வாரம் பேசினாள். "உன் பொண்ணு காலேஜுலேந்து வூட்டுக்கு எத்தினி மணிக்கு வருது? அத்த மொதல்ல பூட்டு" என்று அவர் மனைவியின் முன்னால் கேட்டுவிட்டாள். எட்டரை வரைக்கும் திறந்து வைக்கிறேன் என்று அவர் இறங்கி வந்தார்.

டிபன் தொடங்கி இப்போது ஒன்பது மாதம் ஆகிறது. சிலருக்கு எடை இறங்கியிருக்கிறது. நிறையப் பேருக்கு அப்படியே நிற்கிறது. சிலருக்கு ஏறித்தான் இருக்கிறது. ஏழரை மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ஒருத்தி தட்டில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டாள். சமையல்காரம்மா அவளை எழுப்பி, கையைக் கழுவச் சொல்லி மாடிக்கு அனுப்பினார். இன்னும் மூன்று மாதத்தில் இந்த நிதி முடிந்துவிடும். நான் மறுபடி கம்பெனி கம்பெனியாகப் போக ஆரம்பித்திருக்கிறேன். முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். தேதி வாங்கவில்லை.

தென்காசிப் பெண் மாடிக்குத் திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று அவளோடு தங்கியிருக்கும் பெண் சொன்னாள். வேறொரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். அங்கே அவளை அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளே ஒருமுறை போனில் சொன்னாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய அறையில் விட்டுப்போன வாளியை எடுக்க ஹாஸ்டலுக்கு வந்திருந்தாள். நான் சாப்பாட்டு அறையில் காய்கறிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் நின்றாள். உட்காரச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குத் தயக்கம். அவளே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சமையல்காரம்மா வைத்த சுண்டலைச் சாப்பிட்டாள்.

"உப்பு காணாது" என்று அவரிடம் சொன்னாள்.

"கொறச்சித்தாம்மா போடறேன். சிஸ்டரு ஆர்டரு."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளா, இல்லையா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். "பஸ்ஸுக்கு நேரமாயிட்டு, வாரேன் சிஸ்டர்" என்று வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை போனேன். அவள் சாலையைக் கடக்கும்வரை நின்றுவிட்டு, எடை மிஷினை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்தேன்.